ரொட்ரிக்ஸுக்கும் நாள் ஒதுக்கு

ரோஸ்ஹில், மொரிசியஸ்

அன்புள்ள நடராசன்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து நிம்மதி. அதற்குள் மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டதாக எழுதியிருக்கிறாயே, அது மருத்துவர் சொன்னதா, உன் பழைய வீம்பா? இங்கே எல்லாரும் நலம். பேரன் பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறான். ஆனால் நான் தமிழில் கேட்டால் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில்தான் பதில் வருகிறது. முப்பது பேர் கொண்ட வகுப்பை அடக்கியவனுக்கு வீட்டில் ஒருவன் அடங்கவில்லை.

மே மாதம் குடும்பத்தோடு வருகிறாய் என்பதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று எழுதத் தேவையில்லை. நல்ல மாதமாகத்தான் பிடித்திருக்கிறாய். உங்கள் ஊரில் கத்திரி வெயில் கொளுத்தும்போது இங்கே புயல் காலம் கழிந்து குளிர் தொடங்கும்.

ஆனால் பயண முகவர் எழுதிக் கொடுத்த பட்டியலைப் படித்தபோதே எனக்கு மூச்சு வாங்கியது. காலையில் ஷாமரெல் ஏழு வண்ண மண், பிற்பகலில் கங்கா தலாவ், மறுநாள் இல் ஓ செர்ஃப் தீவில் படகுக்குப் பின்னால் பாராசூட்டில் தொங்குவது, அதற்கடுத்த நாள் தலையில் கண்ணாடிக் கூண்டை மாட்டிக்கொண்டு கடலடியில் நடப்பது. எதுவும் மோசமில்லை, பேரப்பிள்ளைகள் துள்ளுவார்கள். ஆனால் தலைநகர் போர்ட் லூயியில் கடைவீதிக்கு அரை நாள் கொடுத்தவர், அங்கிருந்து நடக்கிற தொலைவில் இருக்கும் ‘ஆப்ரவாசி காட்’ படித்துறையைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. 1834இல் தொடங்கி 1920 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் ஏறிவந்த கற்படிகள் அங்கே இருக்கின்றன. என் பாட்டனாரின் தகப்பனாரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். உன்னை அங்கே நானே அழைத்துப் போகிறேன், முகவர் வேண்டாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. பட்டியலில் பாதியை அடித்துவிட்டு, அந்த நாட்களை ரொட்ரிக்ஸுக்குக் கொடு. எங்கள் நாட்டுக்கே உட்பட்ட சின்னத் தீவு அது. கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர், சிறிய விமானத்தில் ஒன்றரை மணி நேரம். போன ஆண்டு மகன் குடும்பத்தோடு நானும் போனேன். 108 சதுர கிலோமீட்டர் நிலம். அதைச் சுற்றிப் பவளப்பாறை வளையம். வளையத்துக்குள் இருக்கும் ஆழமில்லாத கடல், தீவைப் போல இரண்டு மடங்கு பரப்பு. கடல் வற்றும் வேளையில் வெகுதூரம் வரை முழங்கால் தண்ணீர்தான்.

அங்கே காலையில் பெண்கள் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிக்கப் போவதைப் பார்க்க வேண்டும். வைக்கோல் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ், கையில் நீண்ட இரும்புக் கம்பி. எங்களை உடன் வர விட்ட அம்மாள் என்னை விட மூத்தவர். எனக்குக் கல்லும் மணலுமாகத் தெரிந்த இடத்தில் சட்டென்று நின்றார். ஒரு பொந்தின் வாயில் நண்டு ஓடுகள் சிதறிக் கிடந்தன. உள்ளே ஆள் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். கம்பியை உள்ளே விட்டு ஒரு திருகு திருகினார். எட்டுக் கைகளும் அவர் முழங்கையைச் சுற்றிக்கொண்டன. பதறாமல், சட்டைப் பையை உதறுவது போல அதன் தலையை உட்புறம் வெளியாகத் திருப்பிவிட்டார். என் பேரன் வாயடைத்து நின்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிடித்தவற்றைக் கல்லில் அடித்து மிருதுவாக்கி, கரையில் கழி நட்டு, கைகளை விரித்துக் காயப் போடுகிறார்கள்.

ஒரு காலத்தில் கண்ட கணவாய்க் குஞ்சையெல்லாம் பிடித்துப் பிடித்து, வலைக்கும் கம்பிக்கும் ஒன்றும் கிடைக்காத நிலை வந்துவிட்டதாம். 2012 முதல் ஆண்டில் இரண்டு மாதம் பிடிக்கக் கூடாது என்று மூடினார்கள். அந்த மாதங்களில் மீனவர்களுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். வேகமாக வளரும் பிராணி அது. மீண்டும் திறந்தபோது பெரிது பெரிதாகக் கிடைத்தது. நீ சைவம் என்பதை மறக்கவில்லை. உனக்கு அங்கே அவரை விதைக் குழம்பு, மக்காச்சோளம், எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் உண்டு. அந்த ஊர்ச் சின்ன மிளகாயை மட்டும் இளக்காரமாக நினைத்துவிடாதே.

பக்கத்திலுள்ள கோகோ தீவுக்குப் படகில் போங்கள். அங்கே வெள்ளை ஆலா என்னும் கடற்பறவைகள் கூடு கட்டுவதே இல்லை. வெறும் கிளையின் ஒரு சிறு பள்ளத்தில் ஒரே ஒரு முட்டையை வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன. காற்றோ ஓயாத காற்று! என் மனைவி அரை மணி நேரம் அந்த மரத்தடியை விட்டு நகரவில்லை, முட்டை விழுந்துவிடும் என்ற கவலையில். விழவில்லை.

பேரப்பிள்ளைகளுக்கு ஆமைப் பண்ணை பிடிக்கும். கழுத்தைச் சொறிந்துவிட்டால் ஆமை நான்கு காலையும் நீட்டி எழுந்து நிற்கும். 1691இல் அங்கே வந்து இறங்கிய லெகுவா என்ற பிரெஞ்சுக்காரர், ஆமை முதுகுகளின் மேலேயே நூறு தப்படிக்கு மேல் நடந்து போகலாம் என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த ஆமைகள் கப்பல்களுக்கு இறைச்சியாகிப் போய்விட்டன. இப்போது இருப்பவை வெளியிலிருந்து கொண்டுவந்தவை. பக்கத்திலுள்ள குகையில் படிகள் உண்டு. நீ வெளியே உட்கார். த்ரூ தர்ஜான் கடற்கரைக்குப் போகும் பாதையும் மேடு பள்ளம்தான், அதை இளைஞர்களுக்கு விட்டுவிட்டு நாம் சேன் பிரான்சுவா சவுக்குத் தோப்பில் படுத்திருக்கலாம்.

வரலாற்று வாத்தியாருக்கு ஒரு தீனி: 1883இல் இந்தோனேசியாவின் கிரகதோவா எரிமலை வெடித்த சத்தம் ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் தாண்டி ரொட்ரிக்ஸில் கேட்டிருக்கிறது. தூரத்தில் பீரங்கி முழங்குகிறது என்று அங்கிருந்த காவல் அதிகாரி குறித்து வைத்தார்.

சனிக்கிழமை விடியற்காலையில் அங்குள்ள போர்ட் மத்தூரின் நகரச் சந்தைக்குப் போய்விட வேண்டும், தாமதித்தால் தேனும் ஊறுகாயும் தீர்ந்துவிடும். தமிழர் அங்கே மிகக் குறைவு. ஆனாலும் தேன் விற்ற பெண்ணுக்கு நான் நீட்டிய எங்கள் நாட்டு ரூபாய்த் தாளில் தமிழ் இருந்தது. 1998இல் தமிழைக் கீழே தள்ளி அச்சிட்டதற்காக நாங்கள் போட்ட சண்டையை அப்போதே உனக்கு எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? மத்திய வங்கி அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றது.

இரண்டு எச்சரிக்கை. அங்கே தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு, குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கும் உன் மகனிடம் சொல்லி வை. பிளாஸ்டிக் பைக்கும் தடை, துணிப் பை எடுத்து வா.

விமானத்தில் இருக்கை குறைவு என்பதால் தேதியை உடனே எழுது, இங்கிருந்தே டிக்கெட் எடுத்துவிடுகிறேன். வரும்போது கோயில் குருக்களுக்கு ஒரு வாக்கியப் பஞ்சாங்கம், என் மனைவிக்கு மணத்தக்காளி வற்றல் கொண்டு வா. எனக்கு ஒன்றும் வேண்டாம், மருத்துவரின் அனுமதிக் கடிதம் மட்டும் கையோடு இருக்கட்டும்.

அன்புடன்,
செல்வராசு