கையெழுத்து முதலில், தீர்மானம் அப்புறம்

ஆசிரியருக்கு,

ஆண்டுக்கு 4 முறை நடந்த கிராம சபைக் கூட்டத்தை 2022-இல் 6 ஆக்கினார்கள். மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்தன. சரி, நல்லதுதான். ஆனால் எங்கள் ஊரில் தீர்மான நோட்டில் முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள், எழுதுவது அப்புறம்தான். போன கூட்டத்தில் பெண்கள் கேட்டது ஒன்றே ஒன்று: இரவு 8 மணிக்கு மேல் டவுனிலிருந்து ஒரு பஸ். ஜவுளிக்கடை வேலை முடிந்து வரும் பிள்ளைகள் விலக்கில் இறங்கி, செல்போன் வெளிச்சத்தில் 3 கிலோமீட்டர் நடக்கிறார்கள். நோட்டில் ஏறியதோ பேவர் பிளாக் சாலை. அதை யாரும் கேட்கவே இல்லை. அடுத்த கூட்டத்திலாவது எழுதியதை உரக்க வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்கட்டும். பஸ் என்ன ஆயிற்று என்றும் சொல்லட்டும்.

- கிராமவாசி ஒருவர், சிவகங்கை மாவட்டம்