பொருள்: எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுவந்த ஸ்பீக்கரின் ட்வீட்டரை அமுக்கிக் கெடுத்தது குறித்து

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயத்துக்கு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற மெசேஜ் மட்டும்தான் வந்தது.

2011-ல் உங்கள் பெங்களூரு ஷோரூமில் வாங்கிய ஜோடி. தரையில் நிற்கும் பெரியது, மேல் சத்தத்தைத் தரும் அந்தச் சின்ன ட்வீட்டர் அலுமினியம். மாடலை நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? பில்லும் மூன்று முறை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். பி.எஃப். லோன் போட்டு வாங்கியது. பதினான்கு வருடம் பேரப்பிள்ளைகளைக்கூடப் பக்கத்தில் அண்டவிட்டதில்லை.

ரிட்டயர் ஆகி, தருமபுரியில் மகன் வீட்டு மாடிக்கு வந்துவிட்டோம். பத்துக்குப் பன்னிரண்டு ரூம். அதற்குள் இந்த ஸ்பீக்கர் பாடினால் பேஸ், அதாவது அடிச்சத்தம், சுவரில் முட்டி, குடத்துக்குள் பேசுகிற மாதிரி குமுறுகிறது. மனசே இல்லாமல்தான் கொடுத்துவிட முடிவு செய்தேன். "கொண்டு வாங்க சார், சின்ன மாடல்ல கழிச்சுக்கலாம்" என்று போனில் சொன்னது உங்கள் ஆள்தான்.

சின்ன யானை வண்டி பிடித்து, மெத்தையும் போர்வையும் சுற்றி, கிருஷ்ணகிரி டோல்கேட், ஓசூர், அத்திப்பள்ளி நெரிசல் எல்லாம் தாண்டி வந்தால், எக்ஸ்சேஞ்ச் பார்க்கிறவர் லீவாம். முன்னாடியே ஒரு போன் போட்டிருக்கலாமே? அன்றைக்கு வாடகை 6,500. அடுத்த வாரம் மறுபடியும் அதே 6,500.

இரண்டாம் முறை வந்தபோது கவுண்டரில் இருந்த அந்தத் தம்பியை என்னால் மறக்கவே முடியாது. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. முன்பக்கத் துணியைச் சரக்கென்று பிடுங்கினார். "இது வேலை செய்யுதா?" என்று கேட்டுக்கொண்டே இடது ட்வீட்டரைக் கட்டைவிரலால் அமுக்கினார். நான் "ஐயோ" என்று கத்துவதற்குள் முடிந்துவிட்டது. காகிதம் மாதிரி மெல்லிசான அலுமினியம், குழி விழுந்து நடுவில் பிறை மாதிரி ஒரு மடிப்பு. கேட்டதற்கு, "செல்லோடேப் ஒட்டி இழுங்க, வந்துடும்." மடிப்பு விழுந்த அலுமினியம் பழையபடி நிமிராது என்பது உங்கள் கம்பெனி ஆளுக்குத் தெரியாதா? கடைசியில், "பழைய சரக்கு, இரும்புக்கடைக்குத்தான் போகும், தருமபுரியிலயே பாருங்க" என்று வண்டியிலேயே ஏற்றிவிட்டார். இவ்வளவும் என் மனைவியின் எதிரில்.

ஓசூரிலிருந்து ஒருவர் 1,40,000 தருவதாக முன்பே சொல்லியிருந்தார். உங்களை நம்பி அவரைக் காத்திருக்கச் சொன்னேன். பிறகு வந்து ஒரு இளையராஜா பாட்டு போட்டுக் கேட்டார். இடது பக்கம் ஜால்ரா சத்தமே மழுங்கி வருகிறது. துணியைக் கழற்றிப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். இப்போது விற்கவும் முடியவில்லை, கேட்கவும் மனசு வரவில்லை. வீட்டில் ஒரு உயிர் போன மாதிரி இருக்கிறது.

உங்கள் பொருள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. நான் கேட்பது இவ்வளவுதான்: இரண்டு பக்கமும் புது ட்வீட்டர் போட்டுத் தாருங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஜோடியின் சத்தம் ஒத்துப்போகாது. கூடவே இரண்டு நடைக்கான வாடகை 13,000. ஆளை இங்கே அனுப்புங்கள், நான் இனி பெங்களூருக்கு வரமாட்டேன்.

பதினைந்து நாள் பார்ப்பேன். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. அந்த நிலைக்கு என்னைத் தள்ளாமல் ஒரு நல்ல பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பதினான்கு வருட வாடிக்கையாளர்,
தருமபுரி.

பி.கு.: பின்பக்கம் ஒயர் மாட்டும் டெர்மினலில் இருந்த பித்தளைப் பட்டை இரண்டையும் அன்றைக்கு உங்கள் கவுண்டரில்தான் கழற்றி வைத்தார்கள். அதையும் தேடி அனுப்பிவிடுங்கள்.