வாயிலோன் எழுதுவது

அன்புள்ள கண்ணகிக்கு,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. மகளுக்குப் பிரசவம், பேத்திக்கு மஞ்சள் காமாலை, அப்புறம் இந்த நியூஜெர்சிக் குளிர் என்று வரிசையாகக் காரணம் சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் போன மாதமே எழுத உட்கார்ந்து இரண்டு தரம் கிழித்துப் போட்டேன் என்பதும் உண்மை. பேத்தி இப்போது குப்புற விழுகிறாள். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ உன் முழங்காலுக்கு அந்தப் பச்சைத் தைலத்தையே நம்பிக்கொண்டிருக்காமல் ஒரு நல்ல டாக்டரிடம் போய்க் காட்டு. பாங்கில் முப்பது வருஷம் நின்ற கால் அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ராத்திரி இரண்டு மணி என்றால் எனக்குப் பகல் மாதிரி. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, அடியில் எழுத்தை ஓடவிட்டு டிவி பார்ப்பேன். அப்படி ஒரு ராத்திரி ஒரு ஆவணப்படம் மாட்டியது. 'பிராட்ஸ்' என்று பெயர், 2024-இல் வந்தது. ஆண்ட்ரூ மெக்கார்த்தி என்கிற நடிகரே எடுத்தது. எண்பதுகளில் ஹாலிவுட்டில் இளம் நாயகனாக இருந்தவர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். போனை எடுத்து, அந்தக் காலத்தில் கூட நடித்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். 'அந்தப் பெயரை வைத்தார்களே, உனக்கு எப்படி இருந்தது?' என்று கேட்கத்தான். ஒரு மனிதன் ஒரே ஒரு சொல்லை நாற்பது வருஷம் நெஞ்சில் வைத்துக்கொண்டு அலைவானா என்று நினைத்தேன். முடியும்வரை குழந்தையைத் தொட்டிலில் கூட விடவில்லை.

கதை இதுதான். 1985 ஜூன் 10 தேதியிட்ட 'நியூயார்க்' பத்திரிகையில் டேவிட் ப்ளம் என்ற நிருபர் ஒரு கட்டுரை எழுதினார். எமிலியோ எஸ்தவேஸ் என்ற 23 வயது நடிகனைப் பற்றி மட்டும்தான் முதலில் எழுதுவதாக இருந்ததாம். அந்தப் பையன் பாவம், 'நண்பர்களோடு ஒரு ராத்திரி வெளியே போகிறோம், நீங்களும் வாங்களேன்' என்று கூப்பிட்டிருக்கிறான். லாஸ் ஏஞ்சலீஸ் ஹார்ட் ராக் கஃபேயில் அவன், ராப் லோ, ஜட் நெல்சன் மூன்று பேரும் உட்கார்ந்திருக்க, பெண்கள் மேசைக்கே வந்து நிற்கிறார்கள். நிருபர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு பெயர் வைத்தார். ஃப்ராங்க் சினாட்ராவும் அவர் கூட்டாளிகளும் சேர்ந்த கும்பலுக்கு முன்னமே 'ராட் பேக்' என்று பெயர் உண்டு. இவர் முன்னால் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்து 'பிராட் பேக்' ஆக்கிவிட்டார்.

'பிராட்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். தறுதலை என்றால் கூடிப்போகிறது, வாண்டு என்றால் குறைந்துபோகிறது. செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன பிள்ளை என்று வேண்டுமானால் சொல்லலாம். அதைச் சொன்னால் பிள்ளையோடு சேர்த்துப் பெற்றவர்கள் மேலும் பழி விழும், இல்லையா?

அந்த மாதத்தைக் கவனித்தாயா? 1985 ஜூன். நீயும் நானும் ட்ரங்குப் பெட்டியோடு விடுதி வாசலில் வந்து இறங்கிய ஜூன்.

கட்டுரையைத் தேடிப் படித்தேன். அவர்கள் படங்களையும் ஒரு வாரத்தில் மூன்று பார்த்தேன். அதில் 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' என்று ஒன்று. நீ கட்டாயம் பார்க்கணும். தண்டனையாக ஒரு சனிக்கிழமை முழுக்கப் பள்ளி நூலகத்தில் அடைத்து வைக்கப்பட்ட ஐந்து பிள்ளைகள். விளையாட்டுக்காரன், படிப்பாளி, ரவுடி, இளவரசி, கிறுக்கு என்று ஆளுக்கு ஒரு முத்திரை குத்தியிருக்கிறது பள்ளி. 'நான் யார் என்று நினைக்கிறேன்' என்று கட்டுரை எழுதச் சொல்கிறார் வாத்தியார். எங்களை உங்கள் வசதிக்குத் தகுந்த மாதிரிதான் பார்க்கிறீர்கள் என்று கடைசியில் அவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். அது 1985 பிப்ரவரியில் வந்த படம். முத்திரையே வேண்டாம் என்று நடித்த அதே எஸ்தவேஸ், அதே நெல்சன், அதே ஆலி ஷீடி, மாலி ரிங்வால்ட் மேலெல்லாம் நாலே மாதத்தில் ஒரு முத்திரை வந்து விழுந்தது. இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் ஒருவரை ஒருவர் கண்டாலே விலகிவிட்டார்கள். சேர்ந்து நடித்தால் அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். மெக்கார்த்தியும் எஸ்தவேஸும் சேர்ந்து நடிக்க இருந்த ஒரு படத்திலிருந்து எஸ்தவேஸ் விலகிக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகி இருவரும் எஸ்தவேஸ் வீட்டில் எதிரும் புதிருமாக நின்று பேசுகிறார்கள். அதை இவர் கேட்டுவிடுகிறார், அவரும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். இருவர் முகத்தையும் நீ பார்க்கணும். சண்டையே போடாமல் பிரிந்துபோனவர்களுக்குச் சமாதானம் ஆகவும் வழி தெரியாது போலிருக்கிறது.

மகள் பாதியில் வந்து உட்கார்ந்தாள். 'கோடி கோடியா சம்பாதிச்சவங்கம்மா, இவங்களுக்கு என்ன குறை?' என்றாள். அவளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப்போனது. பணம் வந்தது, பெயரும் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். அதே கூட்டத்து டெமி மூர் எவ்வளவோ உயரத்துக்குப் போனார். அந்தப் பட்டத்தை ஏன் நாம் கெட்டதாகவே எடுத்துக்கொண்டோம் என்று அவரே மெக்கார்த்தியைக் கேட்கிறார். ராப் லோ அதைச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார். மெக்கார்த்திக்குக் குடி வேறு இருந்தது, 1992-இல்தான் விட்டார். எல்லாக் கஷ்டத்தையும் அந்த ஒரு சொல்லின் தலையில் கட்ட முடியாது, அதுவும் சரி. ஆனால் 22 வயதில் ஒருவன் தன்னை என்னவாக ஆக்கிக்கொள்ளலாம் என்று தேடிக்கொண்டிருக்கும்போது, ஊர் முந்திக்கொண்டு 'நீ இதுதான்' என்று சொல்லிவிட்டால்? அவன் அதை ஒத்துக்கொண்டாலும் ஆயுள் போகும், மறுத்துக்கொண்டே இருந்தாலும் போகும். மாலி ரிங்வால்ட் வரவே இல்லை. திரும்பிப் பார்ப்பதைவிட முன்னால் பார்ப்பதே மேல் என்று சொல்லியனுப்பிவிட்டாராம். அதுவும் எனக்குப் புரிந்தது.

கடைசியில் அந்த நிருபர் வீட்டுக்கே போகிறார் மெக்கார்த்தி. கொஞ்சம் கருணையோடு எழுதியிருக்கலாமே என்கிறார். நிருபருக்கு அப்படி ஒன்றும் வருத்தமில்லை. நல்ல சொல், தான் கண்டுபிடித்த சொல் என்ற பெருமை இன்னும் இருக்கிறது. மகளுக்கு அவர்மேல் ஒரே கோபம். எனக்குக் கோபம் வரவில்லைடி. அந்த முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று தெரிந்ததும் டிவியை அணைத்துவிட்டேன்.

இன்னொன்று இருக்கிறது. ஹார்ட் ராக் கஃபே மேசையில் மெக்கார்த்தி இல்லவே இல்லை. அந்தக் கட்டுரை முழுக்க அவரைப் பற்றி இரண்டே இரண்டு வரிதான். கூட நடித்த ஒருவர், பெயர் சொல்லாமல், 'இவன் எல்லா வேஷத்தையும் ஒரே மாதிரி தீவிரமாகச் செய்கிறான், தேறமாட்டான் என்று நினைக்கிறேன்' என்று சொன்னதாக வருகிறது. சொன்னது யார் என்று கட்டுரையில் இல்லை. நான் அந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

1987 விடுதி நாள் கையெழுத்துப் பத்திரிகை ஞாபகம் இருக்கிறதா? 'யாருக்கு என்ன பட்டம்' என்று ஒரு பக்கம். யார் எழுதியது என்று போடவில்லை. 'மேடையில் கண்ணகி, மெஸ்ஸில் ராங்கி.'

அது நான் எழுதியது.

ஆறாம் நம்பர் அறைக்காரிதான் எழுதினாள் என்று நீ நினைத்தாய். அவளோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தாய். நான் உன் கட்டிலில் உட்கார்ந்து 'விடுடி, பொறாமை பிடிச்சவ' என்று உனக்கு ஆறுதல் சொன்னேன்.

ஏன் எழுதினேன் என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின டிசம்பரில்தான் நாடகத்துக்கு நீ சுழற்கோப்பை வாங்கி வந்திருந்தாய். கையில் சிலம்பைப் பிடித்துக்கொண்டு 'வாயிலோயே' என்று நீ கூப்பிட்டபோது அரங்கமே அடங்கிப்போனது. வாயிலோனாக ஈட்டியோடு பக்கத்தில் நின்ற எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கீழே இறங்கியதும் ஒருத்தராவது என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவ்வளவுதான் காரணம். மூன்று மாதம் கழித்து எதுகை அமைந்துவிட்டது, எழுதிவிட்டேன். எழுதி முடித்ததும் அது நன்றாக இருக்கிறது என்று நானே சிரித்தேன். அந்த நிருபர் முகத்தில் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான்.

மெஸ்ஸில் நீ செய்தது ராங்கியா? முதல் வருஷப் பிள்ளைகளுக்கு மிச்சத்தில் வெந்நீர் ஊற்றிப் பரிமாறுகிறார்கள் என்று, சாம்பார் வாளியில் கரண்டியை விட்டு அடியிலிருந்து அள்ளி, எல்லோரும் பார்க்க உயரத் தூக்கி ஊற்றிக் காட்டினாய். ஒரு பருப்பு விழவில்லை. புளித்தண்ணீர்தான் விழுந்தது. உன் பாவாடைத் தாவணியெல்லாம் தெறித்தது. மறுநாளிலிருந்து கெட்டிச் சாம்பார் வந்தது, நானும்தான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அதைப் போய் ராங்கி என்று எழுதினேன்.

அடுத்த வருஷம் நாடகத்துக்கு ஆள் எடுத்தபோது நான் அந்த அறையில்தான் இருந்தேன். 'நல்லா நடிக்கும் அந்தப் பொண்ணு, ஆனா ராங்கி பிடிச்சதாமே, ஒத்திகைக்கு ஒத்துவராது' என்றார் பொறுப்பாசிரியை. நான் தாளை அடுக்கிக்கொண்டே இருந்தேன். நீ என்னிடம் வந்து 'எனக்கே வேண்டாம்டி, படிக்கணும்' என்றாய். அப்புறம் நீ மேடை ஏறவே இல்லை. பெண் கேட்டு விசாரிக்க வந்தவர்கள்கூட 'கொஞ்சம் ராங்கியாமே' என்று கேட்டதாக நீ என் கல்யாணத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு வரியால் உன் வாழ்க்கை மாறிவிட்டது என்று சொல்ல வரவில்லை. நீ உன் வாழ்க்கையை நன்றாகத்தான் நடத்தினாய். ஆனால் நீ நடித்திருக்கணும்டி. உன் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆறாம் நம்பர்காரியிடமும் நான் பேசவேண்டும். அவள் நம்பர் உன்னிடம் இருந்தால் அனுப்பு.

அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. திருச்சி வீட்டு அலமாரியில், கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில். தையில் ஊருக்கு வருகிறோம். வந்ததும் உன்னிடம் கொண்டுவந்து கொடுக்கிறேன். என்ன செய்வதென்று நீ முடிவு பண்ணு.

இதைப் படித்ததும் போன் பண்ணாதே. போனில் நீ 'விடுடி' என்று ஒரு வார்த்தையில் என்னை விட்டுவிடுவாய். திட்டுவதென்றாலும் எழுது. பதிலே எழுதத் தோன்றாவிட்டால் தை வரைக்கும் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் வாயிலோன்