கெபாயாவும் ஒசரியும்

மாப்ள,

எப்படிடா இருக்க? கோலாலம்பூர் வரைக்கும் வந்துட்டு சிங்கப்பூர் வராம திரும்பிட்டேன்னு கோவமா இருப்ப, என்ன பண்றது, பொண்ணு வளைகாப்பு முடிஞ்ச மறுநாளே கிளம்ப வேண்டியதா போச்சு, ஆபீஸ்ல லீவு குடுக்கல.

போறப்ப திருச்சிலருந்து கொழும்பு வழியா, ஸ்ரீலங்கன்ல. ஏறும்போதே கை கூப்பி ஆயுபோவன், அடுத்த மூச்சுல வணக்கம். மயில்தோகை டிசைன்ல ஒசரி, அதான் கண்டிச் சேலை, இடுப்பச் சுத்தி சின்னதா கொசுவம் விரிஞ்சு நிக்குது. அறிவிப்பு சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூணுலயும். போன வருஷம் வேறொரு ஏர்லைன்ஸ்ல (பேரு வேண்டாம்) வெஜ் சாப்பாடு முன்கூட்டியே சொல்லியும் லிஸ்ட்ல இல்ல சார்னு ஒரு பன்னையும் ஜூஸையும் நீட்டினாங்க, அந்த எரிச்சல்லாம் இந்த வணக்கத்துல போயிருச்சு.

வரும்போது மலேசியா ஏர்லைன்ஸ். அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணுங்க போட்டிருந்த கெபாயாவ (மலாய்ப் பொண்ணுங்க சட்டை) பாத்ததும் உங்க ஊர் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்தான் ஞாபகம் வந்துச்சு. ஒண்ணா இருந்த குடும்பம்தானே ரெண்டும். நாடு 1965லயே பிரிஞ்சாச்சு, ஏர்லைன்ஸ் மட்டும் 1972 வரைக்கும் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்னு கூட்டுக்குடித்தனம். உங்க ஏர்லைன்ஸ் பொண்ணுங்க போடற அந்த பாத்திக் (மெழுகு வச்சு சாயம் போடற துணி) கெபாயாவ 1968ல டிசைன் பண்ணது பாரிஸ்காரர் பியர் பால்மெய்ன். சீனர்கள் அதிகமா இருக்கற ஊருக்கு மலாய் உடுப்பு, தைக்க பிரெஞ்சுக்காரர், யோசிச்சுப் பாரு! பாகம் பிரிச்சப்ப விமானத்த பங்கு போட்டுக்கிட்டாங்க, அம்மா கைப்பக்குவத்த எப்படி பங்கு போடறது? இன்னைக்கும் பிசினஸ் கிளாஸ்ல ரெண்டு பேரும் சாத்தே (குச்சில குத்தி சுட்ட கறி), வேர்க்கடலை சாஸ், வெங்காயம், வெள்ளரிக்கானு குடுக்கறாங்களாம், எனக்கு திரைக்கு இந்தப் பக்கம் வாசனைதான் கிடைச்சுச்சு.

இன்னொண்ணு, 1979ல ஏர் லங்கா (இப்ப ஸ்ரீலங்கன்) ஆரம்பிச்சப்ப ரெண்டு போயிங் 707 குத்தகைக்கு குடுத்து கைதூக்கி விட்டதும் உங்க ஆளுங்கதான். விமானம் வந்துச்சு, கெபாயா வரல, அவங்க சேலையவே கட்டிக்கிட்டாங்க. அதுதான் எனக்குப் பிடிச்சது.

ஆமா, உன் பக்கத்து வீட்டுப் பொண்ணு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல வேலைக்கு சேர்ந்துச்சே, இன்னும் நீலக் கெபாயாதானா? பச்சைக்கு மாறினா ப்ரமோஷன்னு அர்த்தம்டா, சொல்லு, ஸ்வீட் அனுப்பறேன்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்