ஆயத்தமாகும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள்: மனநல மறுவாழ்வுத் திட்டங்களை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திட்டக் குழுவினருக்கும் நிதி ஒதுக்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

மனச்சிதைவு, இருதுருவ மனநோய் போன்ற கடுமையான மனநோய்களோடு வாழ்பவர்களுக்கு நீங்கள் வகுக்கும் மறுவாழ்வுத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைகின்றன. முதலில் நோய் அடங்க வேண்டும். பிறகு பகல்நேர மையத்தில் பயிற்சி, மையத்துக்குள்ளேயே ஒரு பட்டறையில் வேலைப் பழக்கம். 'ஆயத்தமாகிவிட்டார்' என்று யாரேனும் கையெழுத்துப் போட்ட பிறகே வெளி வேலையும் தனி வீடும். ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ கழிந்ததும் கோப்பு மூடப்படுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள், கோப்பை மூடும் தேதியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுத்தான் இம்மடலை எழுதுகிறோம். அன்றாடம் இந்தப் பணியில் இருப்பவர்கள் நாங்கள். எது, எங்கே, ஏன் தவறுகிறது என்பதை விவரமாகவே சொல்கிறோம்.

மனச்சிதைவில் குரல் கேட்பதும் சந்தேகமும் வெளியே தெரிகிற பகுதி. கவனம், செயல்நினைவு (ஒரு வேலை முடியும்வரை தகவலை மனத்தில் பிடித்துவைப்பது), சிந்தனை வேகம், திட்டமிடும் திறன் ஆகியவற்றில் வரும் தளர்ச்சி வெளியே அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வேலையையும் வீட்டையும் அதிகம் பாதிப்பது அதுதான். மருந்து அதற்குப் பெரிதாக உதவுவதில்லை. இந்தத் தளர்ச்சி உள்ளவருக்கு ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்கு எடுத்துப்போவது கடினம். மையத்துச் சமையலறையில் பாத்திரம் கண்ணெதிரே இருக்கிறது, பக்கத்தில் பயிற்றுநர் நிற்கிறார். வீட்டில் அடுப்பு வேறு, பாத்திரம் அலமாரிக்குள், 'ஆரம்பிக்கலாமே' என்று சொல்ல ஆளில்லை. மையத்தின் மதிப்பெண் அட்டையில் முழு மதிப்பெண் வாங்கியவர் வீட்டில் பட்டினி கிடப்பதற்குக் காரணம் இதுதான். அவருடைய அடுப்பில், அவருடைய பாத்திரத்தில், அவர் சமைக்கும் நேரத்தில் கற்றுக்கொடுத்தால் மாற்றிக்கொள்ள வேண்டிய தேவையே எழாது.

எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதிலும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. துணி துவைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அழுக்கானதைக் கவனிப்பது, ஓரிடத்தில் சேர்ப்பது, துவைக்கும் நாளை நினைவில் வைப்பது, எழுந்து தொடங்குவது, சோப்பை அளந்து போடுவது, அலசுவது, காயப்போடுவது, எடுத்து மடிப்பது என்று எட்டுப் படிகள். பயிற்றுநர் வழக்கமாகச் சோப்பு போடுவதிலிருந்து தொடங்குவார். ஆனால் பலருக்குத் துவைக்கத் தெரியும்; தடை இருப்பது தொடங்கும் படியில். ஒரு வாரம் எதுவும் கற்றுக்கொடுக்காமல், எந்தப் படியில் நிற்கிறார், அங்கே சொன்னால் போதுமா, செய்து காட்ட வேண்டுமா, கூடவே செய்ய வேண்டுமா என்று மட்டும் குறித்து வையுங்கள். பிறகு அந்த ஒரு படிக்கு மட்டும் துணை கொடுங்கள். அழுக்குக் கூடை கதவோரம் கண்ணில் படும்படி இருக்கட்டும். கைபேசி மணி அடிக்கட்டும். அவர் ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு வேலையோடு இதைச் சேர்த்துவிடுங்கள். துணையைப் படிப்படியாகக் குறைத்து, சறுக்கினால் ஒரு படி பின்னுக்கு வந்து மறுபடி தொடங்கலாம். மறுபடி தொடங்குவதைத் தோல்வி என்று எழுதும் படிவங்களை மாற்றுங்கள்.

'ஆர்வமில்லை' என்று எழுதும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. இரவு மருந்தின் மயக்கம் காலை பத்து மணி வரை நீள்கிறதா? உட்கார முடியாமல் கால் பரபரக்கிறதா? அது பதற்றமோ அடங்காமையோ அல்ல, மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம். மனச்சோர்வு, இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை நோய் உண்டா? இவை எல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகே எதிர்மறை அறிகுறி, அதாவது நோயால் ஊக்கமும் உணர்ச்சி வெளிப்பாடும் குன்றுவது, என்ற முடிவுக்கு வர வேண்டும். அதுவும் நோயின் ஒரு பகுதியே, சோம்பேறித்தனம் அல்ல. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள். பெரும்பாலும் இதய நோய் போன்ற உடல் நோய்களால். ஆகவே எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை அளப்பதும் மறுவாழ்வுக் குழுவின் வேலைதான். புகையை விடச் சொல்லும்போது ஒன்றை மறக்கக் கூடாது: குளோசபின், ஓலன்சபின் ஆகிய மனநோய் மருந்துகளை எடுப்பவர் புகைப்பதை நிறுத்தினால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறும். மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி அளவைச் சரிசெய்யாவிட்டால், நல்ல முடிவெடுத்தவர் தூங்கித் தூங்கி வேலையை இழப்பார்.

இனி வேலை. எங்கள் கோரிக்கையின் மையம் இது.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் ஒரு முறையை உருவாக்கினார்கள். முதலில் உண்மையான வேலையில் அமர்த்துவது, பயிற்சியையும் துணையையும் அங்கேயே கொடுப்பது. அதில் சேரத் தகுதி ஒன்றே: வேலை செய்ய விரும்புகிறேன் என்று அவர் சொல்ல வேண்டும். அறிகுறி எவ்வளவு, கடைசியாக எப்போது மருத்துவமனையில் இருந்தார், போதைப் பழக்கம் உண்டா என்பவை தடையல்ல. லண்டன், சூரிச், சோஃபியா உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் நடந்த சோதனையை டாம் பர்ன்ஸும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்டார்கள். 18 மாதங்களில் இந்த முறையில் 55 விழுக்காட்டினர் வெளி வேலை பார்த்திருந்தார்கள். முதலில் பயிற்சி என்ற வழக்கமான சேவையில் 28 விழுக்காட்டினர். வேலையின் அழுத்தம் நோயைத் திருப்பிக் கொண்டுவரும் என்பது உங்கள் அச்சமென்றால், அதே ஆய்வின் இன்னோர் எண்ணைப் பாருங்கள். மருத்துவமனையில் மீண்டும் சேர்ந்தவர்கள் இந்த முறையில் 20 விழுக்காடு, வழக்கமான சேவையில் 31.

இந்த முறையைப் பெயரளவில் ஏற்றுக்கொண்டு உள்ளே பழையதையே நடத்துவதும் உண்டு. அப்படி ஆகாமலிருக்க அளவுகள் தெளிவாக வகுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வேலைவாய்ப்புப் பணியாளரிடம் 20 பேருக்கு மேல் ஒப்படைக்கக் கூடாது. அவர் சிகிச்சைக் குழுவின் வாராந்தரக் கூட்டத்தில் உட்கார வேண்டும். காலை மயக்கம் வேலையைக் கெடுக்கிறது என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஒருவர் திட்டத்தில் சேர்ந்த 30 நாள்களுக்குள் ஒரு முதலாளியோடு முதல் நேரடிச் சந்திப்பு நடக்க வேண்டும். பணியாளர் வாரத்துக்கு ஆறு முதலாளிகளையாவது நேரில் பார்க்க வேண்டும். தம் நேரத்தில் 65 விழுக்காட்டையாவது அலுவலகத்துக்கு வெளியே செலவிட வேண்டும். வேலை கிடைத்தபின் முதல் நாளுக்கு முந்தைய வாரத்தில் ஒரு சந்திப்பு, தொடங்கிய மூன்று நாள்களுக்குள் ஒன்று, முதல் மாதம் வாரந்தோறும், பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ மாதந்தோறும். 60 பேரை ஒரே பணியாளரிடம் ஒப்படைத்துவிட்டு முறை பலிக்கவில்லை என்று அறிக்கை எழுதாதீர்கள்.

வேலையில் சேரும் முன் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. சம்பளம் வந்தால் எந்த உதவித்தொகை எவ்வளவு குறையும், எந்த மருத்துவச் சலுகை நிற்கும், வேலை போனால் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். இது தெரியாததாலேயே பலரை அவர்களுடைய குடும்பமே வேலைக்கு அனுப்பத் தயங்குகிறது. நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்வதா, யாரிடம், எந்தச் சொற்களில், எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். அவர் கையெழுத்தில்லாமல் பணியாளர் வாய் திறக்கக் கூடாது.

முதல் சில மாதங்களில் வேலை போவது பெரும்பாலும் வேலை தெரியாததால் அல்ல. இடைவேளையில் யாரோடு உட்காருவது என்று தெரியாமை, மேலாளர் கடிந்துகொண்டதும் மறுநாள் வராமல் இருந்துவிடுவது, ஒரே நேரத்தில் நான்கு கட்டளை வாங்கிக் குழம்புவது போன்றவைதான் காரணம். இவற்றுக்கான மாற்றங்களுக்குச் செலவு அதிகமில்லை. கட்டளைகளை எழுதிக் கொடுக்கட்டும், ஒருவர் மட்டும் கொடுக்கட்டும். பத்து நிமிட ஓய்வு கூடுதலாக இருக்கட்டும். காலைக்குப் பதில் பிற்பகல் நேரம் கிடைக்குமா என்று கேளுங்கள். கடிந்துகொள்ளும் மேலாளரிடம் என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே நடித்துப் பார்த்துப் பழகலாம். வேலை போனாலும் என்ன பொருந்தவில்லை என்று ஆராய்ந்து அடுத்ததைத் தேட வேண்டும். பயிற்சி வகுப்புக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. நினைவாற்றலுக்கும் கவனத்துக்குமான பயிற்சியை வாரம் இரண்டு மூன்று முறை சில மாதங்கள் கொடுப்பது நல்லதே. அது வேலையோடு சேர்ந்து நடந்தால்தான் வாழ்க்கையில் பலன் தெரிகிறது. கணினி விளையாட்டாகத் தனியே நடத்தினால் அந்த விளையாட்டில் மட்டும் தேர்ச்சி வரும்.

வீட்டுக்கும் இதே வாதம் பொருந்தும். 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய திட்டம், தெருவில் வாழ்ந்தவர்களுக்கு எந்த முன்நிபந்தனையும் இன்றி வீட்டை முதலில் கொடுத்தது. வாடகை ஒப்பந்தத்தைச் சிகிச்சையோடு முடிச்சுப் போடாதீர்கள். மருந்து நிறுத்தியதற்காக வீட்டைப் பறித்தால், மருந்து நிறுத்தியதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். மருத்துவமனையில் சேர்ந்தால் வீடு அவருக்காகக் காத்திருக்க வேண்டும். தனி வீட்டில் கடினமான பகுதி தனிமை, அதிலும் முதல் வார இறுதி. பணியாளர்களின் விடுமுறைப் பட்டியலை அதற்கேற்ப அமையுங்கள்.

முடிவுத் தேதிக்கு வருகிறோம். 1970களில் அமெரிக்காவின் மேடிசன் நகரில் லெனார்ட் ஸ்டைன், மேரி ஆன் டெஸ்ட் ஆகியோரின் குழு, நோயாளிகள் வாழும் இடத்துக்கே போய்த் துணை நின்றது. மருத்துவமனை நாள்கள் குறைந்தன, வேலையும் வாழ்க்கையும் மேம்பட்டன. 14 மாதங்களில் அந்தச் சேவையை நிறுத்தி வழக்கமான சேவைக்கு அனுப்பியதும் கிடைத்த பலன்களில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. துணை இருந்ததால் நின்றவரைப் பார்த்து, நிற்கிறாரே, துணை எதற்கு என்று கேட்பது மூக்குக்கண்ணாடி போட்டவர் தெளிவாகப் படிக்கிறார் என்று கண்ணாடியைக் கழற்றுவதற்குச் சமம். தேவை குறையும்போது சந்திப்பைக் குறைக்கலாம். மாதம் ஒரு தொலைபேசி அழைப்பாகக்கூட ஆக்கலாம். திரும்பத் தேவைப்பட்டால் புதிய பரிந்துரைக் கடிதமோ காத்திருப்புப் பட்டியலோ இல்லாமல் அதே வாரத்தில் கூட்ட முடிய வேண்டும். தீவிரத் துணை தேவைப்படுகிறவர்களுக்கு ஒரு பணியாளருக்குப் பத்துப் பேர் என்ற விகிதத்தையும் தளர்த்தாதீர்கள்.

இத்தனை நீண்ட துணைக்குப் பலன் உண்டா என்று கேட்பீர்கள். வெர்மான்ட் மாநில மருத்துவமனையில் நெடுங்காலம் கிடந்து, 1950களில் மறுவாழ்வுத் திட்டத்தோடு வெளியே அனுப்பப்பட்ட 269 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வை கோர்ட்னி ஹார்டிங்கும் சக ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்டார்கள். சராசரியாக 32 ஆண்டுகளுக்குப் பிறகு, பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கினர் கணிசமாக முன்னேறியிருந்தார்கள் அல்லது மீண்டிருந்தார்கள். இனித் தேற மாட்டார்கள் என்று வார்டில் கைவிடப்பட்டவர்கள் அவர்கள்.

குடும்பத்துக்கு ஒரே ஒரு விரிவுரை நடத்திவிட்டுக் 'குடும்பக் கல்வி முடிந்தது' என்று குறிப்பது வீண். ஐந்து முதல் எட்டுக் குடும்பங்கள், நோயோடு வாழ்பவரும் உடன் இருக்க, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் கூட வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வீட்டின் ஒரு சிக்கலை மட்டும் எடுத்து, வழிகளைப் பட்டியலிட்டு, நன்மை தீமை பார்த்து, ஒன்றைத் தேர்ந்து, யார் எப்போது செய்வது என்று எழுதி, அடுத்த கூட்டத்தில் கேட்க வேண்டும். இடைவிடாத குறைகூறல் உள்ள வீட்டில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. அதைச் சொல்லிக் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார்கள். அலுவலக நேரத்தில் வைத்தாலும் வர மாட்டார்கள்.

நலமாக இருக்கும்போதே ஒரு தாள் எழுதி வைக்க வேண்டும். நோய் திரும்பும் முன் அவருக்கு மட்டும் உரிய மூன்று நான்கு அடையாளங்கள் (தூக்கம் இரண்டு மணி நேரம் குறைவது, ஒரே பாட்டை ஓயாமல் கேட்பது போல), யாரை அழைக்க வேண்டும், யாரை அழைக்கவே கூடாது, எந்த மருந்து முன்பு ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டுச் சாவி யாரிடம், முதலாளிக்கு யார் தகவல் சொல்வது. ஒரு நகல் அவரிடம், ஒன்று குழுவிடம், அவர் விரும்பினால் ஒன்று குடும்பத்திடம். கோப்புக்குள் மட்டும் இருக்கும் தாள் நள்ளிரவில் யாருக்கும் உதவாது.

நோயிலிருந்து மீண்டவர்களைக் குழுவில் பணியமர்த்துங்கள். ஒரு குழுவில் ஒருவரை மட்டும் அமர்த்தினால் தனித்துப் போவார். குறைந்தது இருவர் வேண்டும். மற்றவர்களுக்குள்ள ஊதிய விகிதமும், கோப்பு பார்க்கும் உரிமையும், மேற்பார்வையும் அவர்களுக்கும் வேண்டும். தாங்கள் சிகிச்சை பெறும் குழுவிலேயே அவர்களைப் போடாதீர்கள்.

வரப்போகும் திட்ட வரைவில் நான்கு இடங்களில் கை வைத்தால் போதும். தகுதி விதியிலிருந்து 'வேலைக்கு ஆயத்தமானவர்' என்ற சொற்றொடரை நீக்குங்கள். சேவைக் காலம் என்ற கட்டத்தில் மாதங்களின் எண்ணிக்கையை எடுத்துவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரோடு உட்கார்ந்து மறுபரிசீலனை என்று எழுதுங்கள். மையத்தின் வருகைப் பதிவை வைத்து நிதி தருவதை நிறுத்துங்கள். வருகைக்குப் பணம் என்றால், வெளியே போகக்கூடியவரையும் மையம் விடாது. கடந்த மூன்று மாதத்தில் எத்தனை பேர் கூலிக்கு வேலை செய்தார்கள், எத்தனை பேர் தம் பெயரிலுள்ள வீட்டில் இருக்கிறார்கள், பணியாளரும் குடும்பத்தாரும் அல்லாத எத்தனை பேரைக் கடந்த வாரம் சந்தித்தார்கள், தாமே சொன்ன இலக்கில் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நான்காவது, பணியாளர்களின் பயணச் செலவு. கட்டட வாடகைக்கும் தளவாடங்களுக்கும் நிதி இருக்கிறது, வீடு வீடாகவும் வேலையிடங்களுக்கும் போய்வர எதுவும் இல்லை. அதற்கு ஒரு தனித் தலைப்பு போட்டு, பணியாளர் வாரத்தில் பெரும்பகுதி வெளியே இருப்பார் என்று கணக்கிட்டு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
மனநல மறுவாழ்வுப் பணியாளர்கள்