பாடி பட்டரை ஈரத்தின் மேல்தான் தடவ வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் பெண்கள் இணைப்பில், உடம்பில் தடவும் கெட்டியான கொழுப்புப் பூச்சான பாடி பட்டர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கல்யாணப் பெண் ஒரு மாதம் முன்பிருந்தே தடவி வந்தால் தோல் மினுமினுக்கும், நிறமும் கூடும் என்று எழுதியிருந்தீர்கள். இதைத் தடவுவதால் நிறம் மாறாது. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்தப் பட்டர் உண்மையில் யாருக்குத் தேவை, எப்படித் தடவினால் பலன் தரும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

நான் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தொழுநோய் ஒழிப்புப் பணியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாதப் பராமரிப்பு இன்னும் மனதில் இருக்கிறது. உணர்ச்சி போன காலில் வியர்வை சுரக்காது. தோல் காய்ந்து வெடிக்கும், வெடிப்பு புண்ணாகும். அதனால் அகலமான பாத்திரத்தில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, காலை இருபது நிமிடம் ஊறவைக்கச் சொல்வோம். பிறகு தடித்த தோலை மெதுவாகத் தேய்த்து எடுத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவச் சொல்வோம். தோலை மென்மையாக்குவது தண்ணீர். அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் எண்ணெய் மூடி போடுகிறது.

பாடி பட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. லோஷனில் பெரும்பகுதி தண்ணீர். ஷியா பட்டர் (ஷியா மரக்கொட்டைக் கொழுப்பு), கோகோ பட்டர் (கோகோ விதைக் கொழுப்பு), தேங்காய் எண்ணெய் சேர்த்துக் கடைந்து செய்யும் பட்டரில் தண்ணீரே கிடையாது. (கடையில் கிடைக்கும் சிலவற்றில் தண்ணீரும் கலந்திருக்கும். பொருட்பட்டியலில் முதலில் ‘அக்வா’, அதாவது தண்ணீர், என்று இருந்தால் அது கெட்டியான கிரீம், அவ்வளவுதான்.) மத்தியானம் வேலையெல்லாம் முடிந்து, காய்ந்து கிடக்கும் தோலில் இதை அப்பினால் மேலே பிசுபிசுக்கும், உள்ளே வறட்சி அப்படியே இருக்கும். குளித்ததும் துண்டால் ஒற்றிவிட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் தடவிவிட வேண்டும். சுண்டைக்காய் அளவு எடுத்து உள்ளங்கையில் தேய்த்தால் உருகிவிடும். முகப்பரு வருகிறவர்கள் முகத்தில் தடவ வேண்டாம். கோகோ பட்டரும் தேங்காய் எண்ணெயும் துவாரங்களை அடைக்கும்.

சரி, யாருக்கு இது தேவை? முதலில் வயதானவர்களுக்கு. வயது ஏற ஏறத் தோலில் எண்ணெய் சுரப்பது குறையும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இன்னும் குறையும். மதுரையில் பல வீடுகளில் போர்த் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வெள்ளைப் படிவாகத் தோலில் தங்கிவிடும். அதோடு மார்கழிப் பனிக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேறு. முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து, ராத்திரி அரிப்பெடுக்கும். என் மாமியார் தூங்காமல் சொறிந்துகொண்டே கிடப்பார். கேட்டால், “வயசானா அப்படித்தான்த்தா” என்பார். வெந்நீரை வெதுவெதுப்பாகக் குறைத்தேன். அக்குள், இடுப்பு, பாதம் தவிர வேறெங்கும் சோப்பு வேண்டாம் என்றேன். குளித்த ஈரத்தோடு காலிலும் கையிலும் பட்டர் தடவிவிடுகிறேன். இப்போது நன்றாகத் தூங்குகிறார்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமே கிடையாது. நரம்பு பாதித்த பாதத்தில் வியர்வை குறைந்து தோல் வெடிக்கும், வலியும் தெரியாது. குதிகாலில் தடவட்டும். ஆனால் விரல் இடுக்கில் தடவக் கூடாது; அங்கே ஈரம் தேங்கினால் சேற்றுப்புண் வரும். தடவிய உடனே டைல்ஸ் தரையில் நடக்க விடாதீர்கள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது பெரிய துன்பம். அப்புறம், நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கை இருக்கிறவர்கள். ஹோட்டலில் பாத்திரம் கழுவும் பெண்களும், சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர்களும் ராத்திரி படுக்கும்முன் கையை நனைத்துவிட்டுத் தடவிக்கொள்ளலாம்.

இவர்களில் பலருக்குச் சில நூறு ரூபாய் கொடுத்து டப்பா வாங்க வசதி இருக்காது. ஈரத்தின் மேல் தடவிய தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ இதே வேலையைச் செய்யும் என்று ஒரு வரி நீங்கள் போட்டிருக்கலாம்.

வாங்குகிறவர்கள் நம் ஊர் வெயிலையும் நினைவில் வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகும். ஷியாவும் கோகோவும் உடம்புச் சூட்டில் உருகுபவை. சித்திரையில் டப்பா முழுக்க எண்ணெயாகி, மெதுவாக ஆறும்போது ரவை ரவையாகத் திரளும். கெட்டுப்போனது என்று கொட்ட வேண்டாம். உருக்கி, ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் ஆறவிட்டால் சரியாகும். ஈரக் கையை மட்டும் டப்பாவுக்குள் விடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வெளிறிய தேமல் மாதிரி இருந்து, அந்த இடம் வறண்டு, தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் அதன் மேல் எந்தப் பட்டரையும் தடவிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம், முழுதாகக் குணமாகும். தாமதித்தால் கை, கால் ஊனமாகலாம். வட்டமாகப் படர்ந்து அரிக்கும் படர்தாமரைக்கும் பட்டர் மருந்து ஆகாது.

கட்டுரையின் கடைசியில் ‘வீட்டிலேயே செய்து விற்கலாம்’ என்று ஊக்கப்படுத்தியிருந்தீர்கள். எங்கள் பகுதி மகளிர் குழுப் பெண்கள் அதைப் படித்துவிட்டு ஆவலாக இருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டின் அழகு சாதனப் பொருள் விதிகளின்படி, இதைத் தயாரித்து விற்க உரிமம் வேண்டும். டப்பாவில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுப்பு எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் இருக்க வேண்டும். கடன் வாங்கி மிக்ஸரும் டப்பாவும் வாங்கும் முன்பே அவர்களுக்கு இது தெரிய வேண்டும். உரிமத்துக்கு எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்ற விவரத்தை அடுத்த வார இணைப்பிலேயே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திருநகர், மதுரை.