ஃப்ளூரோ ஆல்கேன் முந்தாது, பிந்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த ஹேலோ ஆல்கேன் (கார்பன் சங்கிலியில் ஃப்ளூரின், குளோரின், புரோமின், அயோடின் போன்ற ஒரு ஹாலஜன் இணைந்த சேர்மம்) பாடத்தில், எது வேகமாக வினைபுரியும் என்ற வினைதிறன் வரிசை தலைகீழாக வந்திருக்கிறது. "ஃப்ளூரினுக்கு எலக்ட்ரான் கவர்தன்மை மிக அதிகம், அதனால் ஃப்ளூரோ ஆல்கேன்தான் வேகமாக வினைபுரியும், தருமபுரி, கிருஷ்ணகிரி தண்ணீரில் ஃப்ளூரைடு இருப்பதற்கும் இந்த வேகமே காரணம்" என்று எழுதியிருக்கிறார்கள். அச்சுப்பிழை என்றால் விட்டுவிடலாம். காரணம் சொல்லி எழுதிய தவறை எப்படி விடுவது? பென்னாகரம், பாலக்கோடு பக்கத்தில் உங்கள் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிவைத்துப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஹாலஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் கார்பன் சற்றே நேர்மின் தன்மை அடைகிறது, ஹைட்ராக்சைடு போன்ற, நேர்மின் தன்மையை நாடிவரும் கருக்கவர் பொருள் அந்தக் கார்பனைத் தாக்குகிறது. இதுவரை பாடம் சரி. ஆனால் ஹாலஜன் பிணைப்பு எலக்ட்ரான்களோடு வெளியேறினால்தானே, அதன் இடத்தில் வேறொன்று வந்து சேரும் பதிலீடு நடக்கும்? அங்கே முனைவுத்தன்மையைவிடப் பிணைப்பின் வலிமைதான் பேசும். ஒரே ஒரு கார்பன் உள்ள மெத்தில் ஹாலைடுகளில் கார்பன்–ஃப்ளூரின் பிணைப்பை உடைக்க மோலுக்கு சுமார் 452 கிலோஜூல் வேண்டும். குளோரினுக்கு 351, புரோமினுக்கு 293, அயோடினுக்கு 234 போதும். அயோடைடு அயனி உருவில் பெரியது, மின்சுமை பரவி நிற்கும், அதனால் சுலபமாக விலகிப் போகிறது. எனவே வரிசையில் முதலில் அயோடோ, அடுத்து புரோமோ, அப்புறம் குளோரோ, கடைசியில்தான் ஃப்ளூரோ.

இந்த வரிசை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நைட்ரோ தொகுதிகள் உள்ள பென்சீன் வளையத்தில் ஃப்ளூரின்தான் வேகமாகப் பதிலீடாகிறது. அங்கே வேகத்தைத் தீர்மானிக்கும் மெதுவான படி கருக்கவர் பொருளின் தாக்குதல், ஹாலஜனின் வெளியேற்றம் அல்ல. உயிர்வேதியியலாளர் சாங்கர் 1945இல் இன்சுலினை ஆராயப் பயன்படுத்திய ஃப்ளூரோ டைநைட்ரோ பென்சீன் அப்படிப்பட்டதுதான். கட்டுரையாளர் இதை மனதில் வைத்துக் குழம்பியிருக்கலாம்.

இதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க முடியும். மூன்று சோதனைக்குழாய்களில் கொஞ்சம் எத்தனால் ஊற்றி, ஒன்றில் 1-குளோரோ பியூட்டேன், இன்னொன்றில் 1-புரோமோ பியூட்டேன், மற்றதில் 1-அயோடோ பியூட்டேன் என்று சில சொட்டுகள் விட்டு, வெந்நீரில் நிறுத்தி சில்வர் நைட்ரேட் கரைசலைச் சேர்க்க வேண்டும். வெளியேறும் ஹாலைடு அயனி சில்வரோடு சேர்ந்து, கரையாத வீழ்படிவாக விழும். அயோடோ குழாயில் மஞ்சள் வீழ்படிவு முதலில் வரும். புரோமோவில் வெளிர்மஞ்சள் பிந்தி வரும். குளோரோவின் வெள்ளைக்கு நன்றாகக் காத்திருக்க வேண்டும். பக்கத்திலேயே உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட்டை விட்டால் அதே வெள்ளை உடனே விழும், ஏனென்றால் அங்கே குளோரைடு ஏற்கெனவே அயனியாக இருக்கிறது. ஃப்ளூரோ சேர்மத்துக்கு மட்டும் இந்தச் சோதனை உதவாது. சில்வர் ஃப்ளூரைடு நீரில் கரைந்துவிடும், எதுவும் தெரியாது. கரிமச் சேர்மங்களின் ஆவி நல்லதல்ல. ஆசிரியர் பக்கத்தில் நிற்க, காற்றோட்டமான இடத்தில்தான் செய்ய வேண்டும். எந்த அரசுப் பள்ளி ஆய்வகத்திலும் இதைச் செய்துகாட்டலாம், செய்துகாட்டவும் வேண்டும்.

இனி நம் தண்ணீர் விஷயம். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். நம் மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணறுகளில் உள்ள ஃப்ளூரைடு, பாறைக் கனிமங்களிலிருந்து கரைந்து வந்த அயனி. அதற்கும் கார்பனோடு பிணைந்த ஃப்ளூரினுக்கும் சம்பந்தமே இல்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள நீரைத் தொடர்ந்து குடிப்பதால்தான் குழந்தைகளின் பற்களில் கறை படிகிறது, பெரியவர்களின் எலும்பு பாதிக்கப்படுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதற்காகத்தான். பல்லில் கறையோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அதன் காரணத்தைத் தவறாகச் சொல்லிக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரச்சினை பாறையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான், அந்தப் பிள்ளை வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரை விட்டுக் குழாய் நீரைக் குடிக்கச் சொல்லும்.

வரிசையை மட்டும் ஒரு வரியில் திருத்திப் போட்டால் போதாது. பிணைப்பு ஆற்றல் எண்களையும் தண்ணீர் பற்றிய விளக்கத்தையும் சேர்த்து, அதே மாணவர் பக்கத்தில், அதே அளவு இடத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.